தோட்டக் கணக்கை ஏற்ற: காப்பியா, இன்சர்ட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீஸ் என்று வையுங்கள். ஐசி (அடையாள அட்டை) எண், பெயர், குலை எடை எல்லாம் சிஎஸ்வி (கமாவால் பிரித்த) கோப்பில். போய்ச் சேரவேண்டிய இடம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். ஏற்ற இரண்டு கட்டளைகள்: இன்சர்ட் (INSERT), காப்பி (COPY).

வரிக்கு வரி இன்சர்ட் மெதுவு. ஆனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கமிட் செய்தால் (உறுதியாகச் சேமித்தால்), கெட்ட வரி மட்டுமே தோற்கும், மற்றவை ஏறிவிடும்.

காப்பி கட்டளை முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் விழுங்கும், வேகமும் அதிகம். எடைப் பத்தியில் யாரோ ‘மழை’ என்று அடித்திருந்தால் போச்சு, மொத்தமும் ரத்து. 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17ஆம் பதிப்பில் அப்படிப்பட்ட வரியைத் தாண்டிப் போகச் சொல்லலாம். சம்பளக் கணக்கில் அதை நான் நம்பமாட்டேன்.

காப்பியே என் தேர்வு: முதலில் எல்லாம் டெக்ஸ்ட் பத்தியாக உள்ள தற்காலிக அட்டவணையில் கொட்டிச் சரிபார்த்து, அப்புறம் மாற்றுவேன். ஐசி எண் கடைசி வரை டெக்ஸ்டாகவே இருக்கட்டும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0வில் தொடங்கும், எண் வகைப் பத்தியில் அந்த 0 காணாமல் போகும்.