ஸ்லைடரைத் தொடுகிற ஆள்: ஒரு போக்கர் ஆப்பின் நோட்ஸ் வசதியோடு இரண்டு வருடம்

போன வாரம் மச்சினன் கேட்டான்: "மாமா, அந்த போக்கர் ஆப் இன்னும் உங்க போன்ல இருக்கா? எதிராளி பெட் போடறதை வச்சே கையில என்ன சீட்டுன்னு சொல்லிடலாமாமே?" பதில் சொல்ல வாயெடுத்தேன், கோபம்தான் முதலில் வந்தது. அவனிடம் கத்துவதற்குப் பதிலாக இங்கே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு இறக்கிய ஆப் இது. கட்டாயப் பந்தயம் 1 ரூபாய், 2 ரூபாய் இருக்கும் சின்ன மேசையைத் தாண்டி நான் போனதில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து பண ஆட்டம் நின்றது. இப்போது இலவச சிப்ஸ்தான், பணமாக மாற்ற முடியாத வெறும் டோக்கன்.

ஆப்பில் எனக்குப் பிடித்தது நோட்ஸ். எதிராளியின் படத்தை அழுத்தினால் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்கலாம். முதலில் எல்லாரையும்போல நேரத்தைத்தான் குறித்தேன்: சட்டென்று கால் செய்தால் (போட்ட தொகைக்குச் சமமாகக் கட்டினால்) அரைகுறைக் கை, நெடுநேரம் யோசித்து ரெய்ஸ் செய்தால் (தொகையை ஏற்றினால்) பலமான கை. அப்புறம் ஒருநாள் தாம்பரம் ரயிலில் ஆடிக்கொண்டிருந்தேன். சைதாப்பேட்டையில் சிக்னல் போய், என் முறைக்கான கடிகாரம் கடைசி நொடி வரை ஓடியது. எதிரில் இருந்தவர் என்னைப் பெரிய யோசனைக்காரன் என்று குறித்திருப்பார். அன்றோடு நேரத்தை விட்டேன்.

பிறகுதான் ஸ்லைடர் கண்ணில் பட்டது, அதாவது விரலால் இழுத்து பெட் தொகையை வைக்கிற கோடு. பெட் போட நான்கு பொத்தான்களும் உண்டு: கால், அரை, முக்கால், முழு பாட். (பாட் என்றால் நடுவில் சேர்ந்திருக்கும் பணம்.) (என் நோட்ஸில் 'கால்' என்று இருந்தால் நாலில் ஒரு பங்கா, கால் செய்தாரா என்று எனக்கே புரியாது. அது வேறு கதை.) பத்தில் எட்டு பேர் பழக்கத்தில் பொத்தானைத்தான் தட்டுவார்கள். அதில் படிக்க ஒன்றுமில்லை. பொத்தானை விட்டுவிட்டு ஸ்லைடரை இழுத்து ஒரு எண்ணைத் தேடுகிறவர் இருக்கிறாரே, அவருக்கு அந்தக் கை முக்கியம்.

கிளிப் படம் வைத்த ஒருவர் எப்போதும் அரை பாட். ஒரு ஆட்டத்தில் தரையில், எல்லாருக்கும் பொதுவான சீட்டுகள் ராஜா, 9, 4, 4, 2. பாட் 84 ரூபாய். என்னிடம் ராஜாவும் ஜாக்கியும். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்ததும், அவர் போட்டது 42 இல்லை, 61. நானும் 61 கட்டினால் பாட் 206 ரூபாய். மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே லாபம் என்று கணக்குப் போட்டுக் கட்டினேன். இரண்டு 9 காட்டினார், தரையோடு சேர்த்து மூன்று 9, இரண்டு 4: ஃபுல் ஹவுஸ். நான் 'இதற்கு மேல் கால் செய்யமாட்டேன், இவ்வளவுக்குச் செய்வேன்' என்கிற தொகையை உட்கார்ந்து தேடியிருக்கிறார் மனுஷன். "கிளி: பொத்தானில் இல்லாத எண் போட்டால் ஓடு" என்று எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஒரு வரி பலமுறை காப்பாற்றியது.

இன்னொன்று. 2025-இல் இரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டு விதி வந்ததும், பதினொன்றே முக்காலுக்கு மேசையே மாறிவிடும். விட்டதைப் பிடிக்க வந்தவர்கள் முழு பாட் பொத்தானைக் குத்துவார்கள். அந்த நேரத்தில் சுமாரான ஜோடி இருந்தாலும் கட்டலாம். கட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் சம்பாதித்துக் கொடுத்ததா? இல்லை. ஆப் எடுத்த பங்கு, உள்ளே போட்ட பணத்துக்கு அப்போதிருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, வென்ற நிகரத்தில் 30 சதவீதப் பிடித்தம். படிப்பில் பாஸ், பர்ஸில் ஃபெயில்.

சரி, கோபம் எதற்கு? போன மாதம் டிஸ்ப்ளே உடைந்து ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். "ரீசெட் பண்ணணும் அண்ணா, பேக்கப் இருக்கா?" என்றார் பையன். போட்டோ எல்லாம் இருக்கிறதே என்று தலையாட்டினேன். திரும்பி வந்து ஆப்பில் நுழைந்தால் கணக்கு இருக்கிறது, சிப்ஸ் இருக்கிறது, நோட்ஸ் மட்டும் காலி. கஸ்டமர் கேரில் கேட்டால், குறிப்புகள் போனில் மட்டுமே சேமிக்கப்படுமாம். எழுதும் இடத்தில் அதை ஒரு வரி சொன்னால் என்ன? என் சிப்ஸை சர்வரில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு என் இரண்டு வரியை வைக்கத் தெரியாதா? பணம் இல்லாத ஆட்டத்தில் அந்தக் குறிப்பால் பயனே இல்லை என்பதும் தெரியும். இலவச மேசையில் முதல் சீட்டிலேயே நாலு பேர் ஆல்-இன் போகிறார்கள் (இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் போடுகிறார்கள்), எதைப் படிப்பது? இருந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

மச்சினனுக்கு என் பதில்: இறக்காதே. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்.

நேற்று ராத்திரி இலவச மேசையில் கிளி வந்து உட்கார்ந்தார். பாட் 4,200. ரிவரில் ஸ்லைடரை இழுத்து 2,890 போட்டார். என் கையில் ஆஸ் ஜோடி. சீட்டைப் போட்டுவிட்டு ஃபோல்ட் செய்தேன்.