வேதாரண்யத்தில் இருந்து படித்தால்: வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கை நல்ல சேவை, காசும் கிடையாது. ஆனால் அது கடற்கரை முழுமைக்கும் எழுதப்படுவது. 1952, 1955, 1977, 2018 என்று பழைய தஞ்சைக் கடற்கரையைப் புயல்கள் விடாமல் அடித்திருக்கின்றன. வேதாரண்யத்துக்காரர் அதில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைத் தன் ஊருக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும் என்று தெரிந்து படிக்க வேண்டும்.

நேர அவகாசம்தான் இதன் பெரிய பலம். 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் குறிப்பு வரும். 48 மணி நேரம் முன்பு விழிப்பு அறிவிப்பு, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. புயலான பிறகு மூன்று மணிக்கு ஒருமுறை அறிக்கை. படகை மேட்டுக்கு ஏற்ற 24 மணி நேர எச்சரிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. அதற்குள் காற்று எழுந்துவிடும்.

வரைபடத்தில் உள்ள பாதைக் கோட்டைத்தான் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் இடம் சராசரியாக 75 கிலோமீட்டர் வரை தள்ளிப்போகலாம். வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் உள்ள தூரமே அதைவிடக் குறைவு. கோடு நாகையைத் தொட்டால் நமக்கு இல்லை என்று நினைப்பது ஆபத்து. கஜா புயலுக்கு முதலில் வடதமிழகக் கரை காட்டப்பட்டது. பிறகு பாதை தெற்கே இறங்கி, 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கோட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள கூம்பை, அதாவது புயல் போகக்கூடிய பரப்பைப் பாருங்கள். ஊர் கூம்புக்குள் இருந்தால் தயாராக வேண்டும்.

காற்று வேகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக மணிக்கு 120 கிலோமீட்டர், இடையிடையே 140 என்று சொல்வார்கள். கூரையைப் பிடுங்குவது இரண்டாவது எண்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் 120க்கும் 140க்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நடுவில் காற்று அடங்கினால் வெளியே வரக் கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். அது நகர்ந்ததும் எதிர்த் திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் சுற்றில் சாய்ந்த மரமும் தளர்ந்த ஓடும் அப்போதுதான் விழும்.

பலவீனம் கடல் நீர் பற்றிய வரியில் இருக்கிறது. "வழக்கமான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரும், தாழ்வான பகுதிகளில் நீர் புகலாம்" என்று மாவட்டப் பெயர்களோடு முடித்துவிடுவார்கள். அகத்தியம்பள்ளி உப்பளம் போன்ற தட்டையான நிலத்தில் ஒரு மீட்டர் என்பது வெகு தூரம் உள்ளே வரும் நீர். எந்தத் தெரு, எந்த வாய்க்கால் என்பது அறிக்கையில் இருக்காது. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புவதும் முக்கியம். புயல் ஊருக்கு வடக்கே கடந்தால் முதலில் காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசும். நீர் பின்வாங்கியதுபோலத் தெரியும். மையம் மேற்கே போனதும் காற்று தெற்கில் இருந்து திரும்பி, ஆழமில்லாத பாக் நீரிணையின் நீரைத் தென்கரையில் ஏற்றும். கரை கடந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் தாழ்வான இடத்துக்குத் திரும்பக் கூடாது என்பது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தை அறிக்கை ஊர்வாரியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கிடைப்பதில் குறை சொல்ல முடியாது, மின்சாரம் உள்ளவரை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியில் ஊரைக் குறித்து வைத்தால் தமிழில் எச்சரிக்கை வரும். கஜாவில் மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் விழுந்தன. கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அந்த நேரத்தில் செயலி எதற்கும் உதவாது. பேட்டரி வானொலி ஒன்றும் மாற்று பேட்டரியும் வீட்டில் இருக்க வேண்டும்; காரைக்கால் வானொலி பண்பலை 100.3இல் வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.