பழைய எம்எக்ஸ்-5க்கு காயில்ஓவர் போடக் கொடுத்தேன், பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்து திரும்பி வந்தது

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனில் கை வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன், இதே வேலையை வேறு யாரும் செய்யலாம்.

என் வண்டி 1992 மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும். புதிதில் எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்தாலே ஆசையாக இருக்கும். என்னிடம் வந்தபோதோ ஸ்டீயரிங் திருப்பிய பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மூக்கு திரும்பும், நீண்ட வளைவில் பின்பக்கம் மிதப்பது போல இருக்கும். போய்ச் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஸ்பிரிங் சாஃப்ட் சார், காயில்ஓவர் போட்டால் தண்டவாளத்தில் போற மாதிரி போகும்" என்றார்கள். காயில்ஓவர் என்றால் ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட். முன்னால் 8, பின்னால் 6 கிலோ/மிமீ ஸ்பிரிங் (ஒரு மிமீ அமுக்க அத்தனை கிலோ வேண்டும்), 32 நிலையில் திருகி மாற்றும் டேம்பர், அதாவது ஷாக். கம்பெனி ஸ்பிரிங்கைப் போல முன்பக்கம் மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. எண் பெரிதாக இருந்ததால் நல்லது என்று நினைத்தேன், அது என் தப்பு.

நான்கு நாள் கழித்து எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்து, சக்கரமும் ஃபெண்டரும் கிட்டத்தட்ட ஒட்டியபடி. முதல் வேகத்தடையிலேயே முதுகுத்தண்டு பேசியது. சரி, பழகிவிடும் என்று விட்டேன். மூன்றாம் நாள் ஈரமில்லாத சாலையில், வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு, பின்பக்கம் பட்டென்று வெளியே போய்விட்டது. எதிரில் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

திரும்பப் போய்ச் சொன்னால் ஒருவர் வந்து டேம்பர் திருகை நாலு கிளிக் திருப்பினார், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஸ்பிரிங்கின் அடித்தட்டை இரண்டு சுற்று ஏற்றி, "இப்போ ஸ்பிரிங் இன்னும் டைட்" என்றார். அது பச்சைப் பொய். சாதாரண நேர்கோட்டு ஸ்பிரிங்கின் கடினம் தட்டைத் திருகுவதால் மாறாது, வண்டியின் உயரம்தான் மாறும். இதுகூடத் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில், "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் சார் இருக்கும்."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஷாக்கின் பிஸ்டன் தண்டிலும் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டி, அதைக் கீழே தள்ளிவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன், ஷாக் எதுவரை அமுங்கியது என்று அது காட்டிவிடும். பத்து நிமிட வேலைதான், எல்லாரும் செய்யலாம். பின்னால் இரண்டு பக்கமும் ஜிப் டை பம்ப் ஸ்டாப்புக்குள், அதாவது ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டைக்குள், போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது ஓடும்போது சக்கரம் மேலே போக இடம் தீர்ந்துவிடுகிறது, இந்த வண்டிகளில் அந்த இடம் பிறவியிலேயே கம்மி. வளைவில் சாய்ந்ததும் ஸ்பிரிங் வேலை முடிந்து ரப்பர் கட்டை வேலை செய்கிறது, பின்பக்கம் ஒரே நொடியில் கல்லாகிறது, டயர் பிடியை விடுகிறது. அந்த மேட்டில் நடந்தது இதுதான்.

இனி வருவதுதான் எனக்கு உண்மையில் வயிறு எரிந்த இடம். அலைன்மென்ட் செய்ததாக ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், தனிக் கட்டணம். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) எல்லாம் இடதும் வலதும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரை அச்சு அசலாக ஒன்று. முப்பது வயசு வண்டியில்! வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே தூக்கிப் பார்த்தோம். இந்த வண்டியில் கேம்பரையும் காஸ்டரையும் விஷ்போனின் உள்முனையில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டை (மையம் விலகிய போல்ட், திருப்பினால் விஷ்போன் நகரும்) திருப்பித்தான் மாற்ற முடியும். அந்த போல்ட்களின் துருவும் அழுக்கும் கலையவே இல்லை, ஸ்பேனர் பட்ட தடமே கிடையாது. இரண்டு போல்ட் புஷ்ஷின் (மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) உள்குழாயோடு இறுகிப்போயிருந்தன, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆக அந்தத் தாள் எந்த வண்டியின் தாளோ.

ஷாக்கின் கீழ்ப்புஷ் போல்ட்டுகளையும் சக்கரம் காற்றில் தொங்கும்போதே முழுசாக இறுக்கியிருந்தார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

அந்த மெக்கானிக் அண்ணன் முதலில் பார்த்தது டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கம். 1511. அதாவது 2011ஆம் ஆண்டின் 15ஆவது வாரம். பட்டன் நிறைய மிச்சம், ரப்பர் செத்துப்போய்விட்டது. "தம்பி, மூக்கு லேட்டா திரும்புறதுக்குப் பாதிக் காரணம் இது, மீதி விஷ்போன் புஷ்ஷு" என்றார். இதை முதல் பட்டறையில் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

டயர் மாற்றி, எல்லாப் புஷ்ஷும் கம்பெனி ரப்பரிலேயே புதிதாகப் போட்டு, காயில்ஓவரை விற்றுவிட்டு முன்னால் நாலரை கிலோ ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் போட்டேன், தாழ்த்தியது இரண்டு சென்டிமீட்டர் மட்டும். கேம்பர் முன்னால் மைனஸ் ஒரு டிகிரி, பின்னால் ஒன்றரை, பின் டோ கொஞ்சம் உள்ளே. அளக்கும்போது ஓட்டுநர் சீட்டில் என் எடைக்குச் சமமாக மணல் மூட்டை வைத்தார்கள். இப்போது நினைத்த இடத்தில் மூக்கு நிற்கிறது.

முதல் பட்டறையிலிருந்து பணம் ஒரு பைசா திரும்பவில்லை. வண்டியைக் கொடுக்கும் முன் கீழே உள்ள போல்ட்களைப் படம் எடுத்து வைத்திருந்தால் அலைன்மென்ட் கட்டணத்தையாவது கேட்டு வாங்கியிருப்பேன், "நாங்க திருப்பினோம், மறுபடி துரு பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கேட்டதற்கு, "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே சார்."