40 வாட் விளக்கில் எந்த பல்பைப் போடுவது: குண்டு பல்பா, சிஎஃப்எல்லா, எல்இடியா?

அக்கா மகன் படிக்கிற மேஜை விளக்கைப் போன வாரம் கழற்றிப் பார்த்தேன். ஹோல்டரின் உள்விளிம்பு கருகியிருந்தது, வயரின் மேலுறை விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. அதிகபட்சம் 40 வாட் என்று ஸ்டிக்கர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் மாட்டியிருந்ததோ 100 வாட் குண்டு பல்பு. பையனுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று மாற்றியிருக்கிறார்கள்.

இந்த 40 வாட் கணக்கு வெளிச்சத்துக்கானது இல்லை, சூட்டுக்கானது. 100 வாட் பல்பு நம் 230 வோல்ட்டில் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, அதை அந்த வயர் தாராளமாகத் தாங்கும். தாங்காதது, குறுகலான ஷேடுக்குள் போக வழியில்லாமல் தேங்கி மேலே ஹோல்டரையே வேக வைக்கிற சூடுதான்.

குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் 10-ல் 9 பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. 40 வாட் போட்டால் விளக்குக்கு ஆபத்தில்லை, ஆனால் வெளிச்சம் 400 லூமன் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுதான், படிக்கிற பிள்ளைக்கு அது மங்கல். 60 வாட் போட்டால் எல்லை தாண்டிவிட்டது, அதனால் வேண்டவே வேண்டாம். (கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட குண்டு பல்பு போடுவது வேறு கதை. அங்கே சூடுதான் தேவை, அதற்குப் பீங்கான் ஹோல்டர் வைத்து, வைக்கோலுக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும்.)

சிஎஃப்எல் 15 வாட்டில் வேண்டிய வெளிச்சம் தரும், எல்லைக்குள்ளும் வரும். ஆனாலும் பிள்ளைகள் கை படுகிற மேஜையில் நான் வைக்க மாட்டேன். உள்ளே பாதரசம் இருக்கிறது, தட்டிவிட்டு உடைந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, வெறுங்கை படாமல் அள்ள வேண்டும்.

என் ஓட்டு 9 வாட் எல்இடிக்கு. 800 லூமனுக்கு மேல் தரும், அதாவது 40 வாட் குண்டு பல்பு இரண்டு சேர்ந்த வெளிச்சம். அக்காவுக்கு அதிலும் ஒரு பயம்: "அட்டையில 60 வாட்டுக்குச் சமம்னு போட்டிருக்கேடா, இதுக்கு 40 தானே?" நியாயமான கேள்விதான். அந்த 60 வெளிச்சத்துக்குச் சொன்ன ஒப்பீடு. ஸ்டிக்கரோடு பொருத்திப் பார்க்க வேண்டியது பல்பு நிஜமாக இழுக்கும் 9 வாட்டைத்தான்.

அதற்காக 40 வரை இடம் இருக்கிறதே என்று 30 வாட் எல்இடியை மாட்டிவிடாதீர்கள். எல்இடியின் சூடு அடிப்பக்கம் இறங்கும், பெரிய பல்பு கனமும் கூட, மேஜை விளக்கின் கழுத்துக்கு அது ஆகாது. முழுக்க மூடிய கண்ணாடி உருண்டை விளக்கு என்றால் இன்னும் குறைத்து 5, 7 வாட்டில் நிறுத்துங்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்ன சர்க்யூட்) சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், கருகின ஹோல்டரில் புது பல்பை மட்டும் மாட்டுவது தப்பு. ஹோல்டர், வயர் இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் எல்இடியைப் போட்டேன். அரை மணி நேரம் எரியவிட்டு ஷேடைத் தொட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை. அடுத்து அக்கா வீட்டுப் பூஜை அறை. அங்கே ராப்பகலாக எரிகிற பழைய ஜீரோ வாட் பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும், அதற்கு மேலேயே காய்ந்த பூமாலை தொங்குகிறது.