420 குதிரை, 60 விநாடி: ஸ்டாக் வகுப்பு ஆட்டோகிராஸில் மஸ்டங் ஜிடி

ஆட்டோகிராஸ் ஓட்டுவதற்கென்று மஸில் கார் (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார்) வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். வாங்கிய பிறகு அவர்கள் பாடு முழுக்க முன்பக்கத்து இரண்டு டயர்களோடுதான். பல சீசன்களாக ஒரு 2013 ஃபோர்டு மஸ்டங் ஜிடியை அமெரிக்காவின் தேசிய அளவுப் போட்டிகளில் ஓட்டிவருகிறேன். ஐந்து லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். டிராக் பேக்கேஜ் உள்ள கார் என்பதால் பிரெம்போ பிரேக், பிடிப்புள்ள பின்சக்கரத்துக்கு விசையைக் கூட்டித் தரும் டார்சன் டிஃபரன்ஷியல், 3.73 ஆக்சில் விகிதம் (இந்த எண் கூடினால் இழுவை கூடும், ஒவ்வொரு கியரின் உச்ச வேகமும் குறையும்) எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த மாதிரிக் காரோடு களத்தில் இறங்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நம்மூரில் ஆட்டோகிராஸ் என்றால் புழுதி கிளம்பும் மண் தடம்தான் கண்ணுக்கு வரும். அமெரிக்காவில் அது வேறு ஆட்டம். பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமானத் தளத்திலோ ஆரஞ்சு கோன்களை நட்டு ஒரு பாதை போடுவார்கள். சுமார் ஒரு நிமிட ஓட்டம். காரும் காரும் உரசிக்கொள்ள வழியே கிடையாது; போட்டி கடிகாரத்தோடுதான். கோன் ஒன்றைச் சாய்த்தால், அல்லது அதைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கட்டத்தை விட்டு முழுசாக வெளியே தள்ளினால், 2 விநாடி அபராதம். கட்டத்தின் கோட்டை இன்னும் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தீர்கள். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (எஸ்சிசிஏ) தேசியப் போட்டியை 1973 முதல் நடத்திவருகிறது. 2009 முதல் அது நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில், செப்டம்பர் மாதத்தில் நடக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர்கள் வருகிறார்கள்.

ஸ்டாக் என்று நாங்கள் பழக்கத்தில் சொல்வது, 2014 முதல் விதிநூலில் ஸ்ட்ரீட் என்று இருக்கும் பிரிவு. அதில் மஸ்டங் ஜிடி, கமாரோ எஸ்எஸ் போன்றவை எஃப் ஸ்ட்ரீட் வகுப்பில் ஓடுகின்றன. கிட்டத்தட்ட ஷோரூமிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் மாற்றலாம். முன்னால் அல்லது பின்னால், ஏதாவது ஒரு ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றலாம். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றிலும் கை வைக்கலாம். ரிம்மின் அகலம் ஒரிஜினல் அளவில்தான் இருக்க வேண்டும். விட்டம் ஓர் அங்குலம் வரை கூடலாம் அல்லது குறையலாம். டயர் 200 டிரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) அல்லது அதற்கு மேல், அதாவது சாலையில் ஓட்டக்கூடிய டயர். ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. முன்சக்கரத்தை உள்பக்கமாகச் சாய்த்து வைக்க கேம்பர் பிளேட் போடக்கூடாது. எல்லாத் தலைவலியும் இந்தக் கடைசி வரியிலிருந்துதான் பிறக்கிறது.

காரணம் இதுதான். மஸ்டங் 1,600 கிலோவுக்கு மேல் எடை. அதில் பாதிக்கு மேல் முன்பக்கம். முன்னால் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. வளைவில் கார் சாயச் சாய, வெளிப்பக்கச் சக்கரமும் அதோடு சேர்ந்து வெளியே சாய்கிறது. டயர் தன் முழு முகத்தால் தரையைப் பிடிக்காமல் தோள்பட்டையால் பிடிக்கிறது. ஸ்ட்ரட்டைக் கட்டும் போல்ட்டுக்கு உற்பத்தியாளரே சற்று மெல்லிய மாற்று போல்ட் கொடுத்திருந்தால் அதைப் போட விதி இடம் தருகிறது. அதனால் சக்கரத்துக்குக் கொஞ்சம் உள்சாய்வு கிடைக்கும். யானைப் பசிக்குச் சோளப்பொரி, ஆனாலும் விடக்கூடாத பொரி.

இங்கேதான் புதிதாக வருகிறவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பக்கம் பிடிக்காமல் நழுவுகிற காருக்கு முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினால் இன்னும் மோசமாகும் என்றுதான் புத்தகக் கணக்கு சொல்லும். இந்தக் காரில் நடப்பது வேறு. தடித்த பார் காரின் சாய்வைக் குறைக்கிறது. சாய்வு குறைந்தால் டயர் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்த டயர் பிடிக்கிறது. கூடவே வளைவிலிருந்து வெளியேறும்போது உட்பக்கப் பின்சக்கரம் தரையை விடாமல் இருப்பதால் ஆக்சிலரேட்டரைச் சற்று முன்னதாகவே மிதிக்கலாம். அனுமதித்த ஒரே ஒரு பாரை நான் முன்னால் செலவழித்ததற்கு இதுதான் காரணம். பின்னால் இருப்பது பழைய பாணி லைவ் ஆக்சில் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கும் அமைப்பு). அதைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். சமதளத்தில் இரண்டு பின்டயரும் நேராக நின்று விசையை இறக்க அதைவிட எளிய ஏற்பாடு இல்லை. மேடு பள்ளத்தில் துள்ளும், அது உண்மை. அந்த இடங்களை, ஓட்டத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். டயருக்குப் பிறகு காசை இதில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்பிரிங்கைத் தொட முடியாத வகுப்பில், எடை எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதைக் கட்டுப்படுத்த உங்களிடம் இருக்கும் ஒரே கைப்பிடி அதுதான். முன்னால் ரீபவுண்டை (ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பை) இறுக்கினால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூக்கு தூக்குவது குறைகிறது. ஸ்லாலத்தில், அதாவது வரிசையாக நட்ட கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பகுதியில், கோனுக்குக் கோன் ஆடி முடித்துவிட்டு அடுத்த திருப்பத்துக்குத் தயாராக வேண்டிய கார் இது. ஒரிஜினல் ஷாக்கோடு இரண்டாவது கோன் வரை பேச்சைக் கேட்கும், மூன்றாவதில் வாதம் செய்யும். எக்ஸாஸ்ட் மாற்றியவர்கள் சத்தத்தை ரசிக்கிறார்கள். நான் இன்னும் மாற்றவில்லை.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பிரிவில் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர் பல காலம் பேர் பெற்றிருந்தது; அதன் வாரிசு ஆர்ஈ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 ஆகியவற்றைத்தான் இப்போது கிரிட்டில் (கார்கள் முறைக்குக் காத்து நிற்கும் இடத்தில்) அதிகம் பார்க்கிறேன். 200 என்று பக்கவாட்டில் அச்சடித்திருந்தாலும் இவை ஒட்டுகிற ஒட்டு பசை மாதிரி. என் காருக்கு நாலு சக்கரமும் ஒரே அளவு, 9 அங்குல ரிம். 255 மில்லிமீட்டர் அகல டயரோடு வந்தது, 275 போட்டிருக்கிறேன். நாலும் ஒன்றாக இருப்பதில் பெரிய லாபம் ஒன்று உண்டு: முன்னால் தோள் தேய்ந்ததைப் பின்னால் தள்ளி, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவரலாம். 2015-க்குப் பிந்தைய மஸ்டங் ஜிடி பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் முன்னால் 255, பின்னால் 275, ரிம் அகலமும் வேறு. ஆறாம் தலைமுறை கமாரோ எஸ்எஸ் 1எல்ஈயில் முன் 285, பின் 305. வேகத்தில் அவை என் காரைத் தாண்டிப் போகும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உரிமையாளர்கள் முன்டயரை மட்டும் ஜோடி ஜோடியாக வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

காற்றழுத்தத்தை எப்படிச் சரிபார்ப்பது? டயரின் தோளில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் குறுக்காகச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று ஏற்றுங்கள். அங்கே எட்டவே இல்லையென்றால் காற்றைக் குறையுங்கள். என் காரில் முன்டயர் எப்போதும் பின்டயரைவிட அதிக அழுத்தம் கேட்கிறது. அப்புறம் சூடு. கனமான கார் டயரைச் சீக்கிரம் கொதிக்க வைத்துவிடும். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கை பம்ப் ஸ்பிரேயர் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஓட்டங்களுக்கு நடுவே டயரை நனைப்போம். ஒரே காரை இரண்டு பேர் பகிர்ந்து ஓட்டினால் ஸ்பிரேயர் கீழே இறங்கவே இறங்காது.

கியர் கணக்கைப் பற்றி வாங்குமுன் யாரும் சொல்வதில்லை. 3.73 ஆக்சில், 275/35 ஆர்19 டயர், 7,000 ஆர்பிஎம் என்று போட்டுப் பார்த்தால் இரண்டாவது கியர் மணிக்கு 98 கிலோமீட்டர் வாக்கில் முடிந்துவிடுகிறது. 3.31 ஆக்சில் உள்ள காரில் அதே கியர் 110-ஐத் தொடும். உள்ளூர்ப் போட்டிகளில் 98 போதும், வளைவிலிருந்து 3.73 பிடுங்கிக்கொண்டு கிளம்புவது சுகம். தேசியப் போட்டியின் பெரிய பாதைகளில் நேர்கோட்டுப் பகுதி கொஞ்சம் நீண்டாலும் எஞ்சின் லிமிட்டரில் (அதற்கு மேல் சுழல விடாத கட்டுப்பாட்டில்) முட்டி விக்க ஆரம்பிக்கும். மூன்றாவதுக்குப் போனால் ஆர்பிஎம் 4,900-க்குக் கீழே விழும், உடனே பிரேக் அடித்துத் திரும்ப இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் நான் மாற்றுவதில்லை. லிமிட்டரில் ஒரு கணம் விக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். எடை குறையும் என்று 18 அங்குல ரிம்முக்கு இறங்கினால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். இன்று மறுபடி வாங்குவதானால் 3.31 உள்ளதைத் தேடுவேன், அதில் டார்சன் இருக்காது என்று தெரிந்தும்.

லிங்கனுக்கு வருவோம். அது பழைய விமானப்படைத் தளத்தின் கான்கிரீட். தளம் 1966-இல் மூடப்பட்டது. கிழக்கு, மேற்கு என இரண்டு பாதைகள். ஒரு நாள் ஒன்றில் மூன்று ஓட்டம், மறுநாள் மற்றொன்றில் மூன்று. இரண்டிலும் உங்கள் சிறந்த நேரத்தைக் கூட்டினால் முடிவு. அந்தப் பாதையில் முன்னோட்டம் கிடையாது, நடந்துதான் மனப்பாடம் செய்ய வேண்டும். நான் வசிக்கும் மின்னியாபொலிஸிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். “ஏங்க, ஆறு நிமிஷம் ஓட்டுறதுக்கு ஆறரை மணி நேரம் டிரைவா?” என்று என் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. அவளும் ஒருமுறை வந்தாள். நாம் ஓட்டாத வேறு ஹீட்டில் (வேறு வகுப்புகள் ஓட்டும் முறையில்) வெயிலில் நின்று கோன் பொறுக்குகிற வேலையும் போட்டியாளர்களுடையதே என்று தெரிந்ததும் அந்தக் கேள்வி கேலியாக மாறிவிட்டது.

அந்தக் கான்கிரீட் நம் வழக்கமான தார்த் தரை மாதிரி இல்லை. பிடிப்பு எக்கச்சக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிடிப்பு கூடினால் கார் அதிகம் சாயும், சாய்ந்தால் முன்டயர் மறுபடி தோளில் ஏறும். தார்த் தரையில் பொருத்தமாக இருந்த ஷாக் அமைப்பும் காற்றழுத்தமும் அங்கே செல்லாது. கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால் ஏபிஎஸ் குழம்பி, பனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பிரேக்கையே விட்டுக்கொடுக்கும். ஐஸ் மோட் என்று கிரிட்டில் சொல்வார்கள். பெடலை உதைக்காமல் அழுத்தப் பழக வேண்டும்.

நடந்து பார்க்கும்போது இன்னொன்று. இந்தக் காரின் பானெட் நீளம். கிட்டத்தில் வந்த கோன் பானெட்டுக்குக் கீழே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற கோனுக்கு ஓட்டினால் எப்போதும் தாமதம். அதனால் நடக்கும்போது இடையிடையே குந்தி உட்கார்ந்து, டிரைவர் சீட் உயரத்திலிருந்து பாதையைப் பார்ப்பேன்; நின்றபடி தெளிவாக இருந்த வழி அந்த உயரத்தில் வெறும் ஆரஞ்சுக் குவியலாகத் தெரியும். கார் கிட்டத்தட்ட 1.88 மீட்டர் அகலம். மஸ்டா மியாட்டா மாதிரிச் சின்னக் கார் நழுவிப் போகிற ஸ்லாலத்தில் நாம் ஒவ்வொரு கோனுக்கும் கூடுதலாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கோனை உரசினாற்போல் போகாவிட்டால் நேரம் போகும், உரசினால் 2 விநாடி போகும். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை நடக்கிற வகுப்பில் இரண்டு விநாடி என்றால் வீட்டுக்குப் போகலாம்.

குதிரைத்திறனுக்கு மரியாதை கிடைக்கிற இடம் எஸ்சிசிஏவின் இன்னொரு வகைப் போட்டியான புரோசோலோ. கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு பாதை, இரண்டு கார் பக்கம் பக்கமாக, டிராக் ரேஸ் மாதிரி விளக்கு மரம் வைத்துத் தொடக்கம். சிவப்பு விழுந்தால் ஓட்டம் போச்சு. அங்கே வி8 முதல் சில மீட்டரில் சிரிக்க வைக்கும், முதல் வளைவு வரும்வரை.

வீட்டுப் பக்கம்: திங்கட்கிழமை இதே காரில்தான் ஆபீஸ் போகிறேன். இந்தப் பிரிவை விட்டு நான் நகராததற்குக் காரணம் அதுதான். பிரேக் பேட் ஒரு நிமிட ஓட்டங்களில் அவ்வளவாகத் தேய்வதில்லை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதில்லை. போட்டி டயர் நாலும் காருக்குள் போகும்: பின்சீட்டைச் சாய்த்து இரண்டு, டிக்கியில் ஒன்று, முன் பயணி இருக்கையில் சீட் பெல்ட் போட்டு ஒன்று. துணை ஓட்டுநர் வந்தால் சின்ன டிரெய்லர்தான் வழி. மினசோட்டா குளிரில் இந்த டயர்களை கராஜில் விட்டுவைக்கக் கூடாது. உறைநிலைக்குக் கீழே ரப்பரில் விரிசல் விழும் அபாயம் உண்டு. குளிர்காலம் முழுக்க அவை வீட்டின் அடித்தளத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். ஒரு செட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அதோடு நுழைவுக் கட்டணம், ஹோட்டல், பெட்ரோல். கோப்பைக்காகவே ஓட்டுகிறவர் இதே காசில் வகுப்பில் அந்த ஆண்டு ஜெயிக்கிற கார் எது என்று பார்த்து வாங்கட்டும். வகுப்புப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அந்த ஆண்டு விதிநூலைப் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் மஸ்டங் பார்க்கப் போகிறவர் முதலில் கீழே குனிந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்தியிருந்தால் இந்த வகுப்பில் ஓட்ட முடியாது. ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தேடிப்பிடித்து மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.