ஹெட்போன் துளைக்காகவே வாங்கலாம்: 88 கட்டை டிஜிட்டல் பியானோ

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பது நூற்றுக்கணக்கான டோன்களையும் ரிதங்களையும் பற்றி. அதையெல்லாம் ஒரு மாலை தட்டிப் பார்த்துவிட்டு மறந்துவிடுவீர்கள். விஷயம் இருப்பது கட்டைகளுக்கு அடியில், இடது ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஹெட்போன் துளையில்தான். செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். நீங்கள் எவ்வளவு மோசமாக வாசிக்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதன் அருமை வாசித்துப் பழகுகிறவர்களுக்குப் புரியும். பக்கத்து அறையில் ஆள் இருந்தால் கை தானாகவே நன்றாக வரும் பாட்டுக்குத்தான் போகும். வராத நாலு பாரை, அதாவது தாளக் கணக்கில் பிரித்த பாட்டின் சின்னத் துண்டுகளை, திரும்பத் திரும்ப உருட்டத் தோன்றாது. என் வீட்டில் எல்லோரும் தாராளமாகப் பாராட்டுகிறவர்கள் வேறு. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 'நீ கெட்டிக்காரன்' என்று பாராட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து, தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக்கூடிய புதிர்களையே கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களோ புதிதாகக் கற்றுத்தரும் புதிர்களைக் கேட்டார்கள். பெரியவர்கள் விரலும் முதல் கூட்டத்தோடுதான் சேரும்!

கட்டைகள் ஹேமர் ஆக்ஷன் வகை, அதாவது அசல் பியானோவின் சுத்தியல் கனம் விரலுக்குத் தெரியும்படி செய்தவை. இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கின்றன, அசல் பியானோவைப் போலவே. சத்தம் சுமார் ரகம். பெடல் பரவாயில்லை.

ரெக்கார்டர்தான் எனக்குப் பிடித்துப் போனது. இது ஒலியைப் பதிவதில்லை. மிடி முறையில் எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறது. அதனால் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கலாம். வலது கையால் சி மேஜர் ஸ்கேல் (வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஏறும் சுர வரிசை) போகும்போது, நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து நாலாவது சுரமான எஃப்-ஐத் தொடும் இடம் இருக்கிறதே, அங்கே 'டங்' என்று ஒரு முட்டு. இயல்பான வேகத்தில் யார் காதிலும் விழாது. மெதுவாக ஓட்டினால் அது மட்டும்தான் கேட்கும். லேப்டாப்பில் இணைத்தால் ஒவ்வொரு அழுத்தமும் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகத் தெரியும். என் நடுவிரல் 80-ஐ ஒட்டி நிற்கும்போது கட்டைவிரல் நூறைத் தாண்டியிருந்தது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து அந்த இரண்டு நோட்டை மட்டும் சமமாக்கிக்கொண்டு வருகிறேன். இப்போது வித்தியாசம் பத்துக்குள் வந்துவிட்டது. இதை வெளியே சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது, எனக்கோ அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

குறைகள் உண்டு. கூடவே வரும் ஆப் பாட்டு முடிந்ததும் நட்சத்திரம் கொடுக்கிறது, பட்டாசு வெடிக்கிறது, நண்பர்களுக்கு அனுப்பச் சொல்கிறது. நோட்டு சரியாக விழுந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறது. எப்படி விழுந்தது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. நீக்கிவிட்டேன். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், விரலுக்கும் காதுக்கும் நடுவே ஒரு தாமதம் வந்துவிடுகிறது. ஒயர் வைத்ததுதான் சரி. ஒயர் முனையில் இருக்கும் பின்னின் அளவைப் பார்த்து வாங்குங்கள்: சில மாடல்களில் துளை 6.3 மில்லிமீட்டர், சிலவற்றில் 3.5. இன்னொன்று, ஹெட்போன் போட்டாலும் கட்டை அடிபடும் 'டொக் டொக்' ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கும். கீழ்வீட்டில் ஆள் இருந்தால் அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள்.

கடைக்குப் போனால் விற்பனையாளர் டெமோ பாட்டை ஓடவிடுவார், எந்தப் பெட்டியும் அதில் அசத்தும். நிறுத்தச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே கட்டையைத் தொட்டும் தொடாமலும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிப் பத்துத் தடவை தட்டுங்கள். பத்தும் பத்து விதமாகக் கேட்டால் வாங்கலாம்.