சொல்லிவிட்டு வரும் கோளாறு: ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கா, எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள், ஏசியைப் பற்றிக் கேட்பார்கள், எத்தனை கை மாறியது என்று கேட்பார்கள். பவர் ஸ்டீயரிங் எந்த வகை என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டவன் இல்லை. 2022 மே மாதம் வால்பாறை மலைச்சாலை அதைக் கேட்க வைத்தது.

அப்போது என்னிடம் இருந்தது ஒன்பது வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். இப்போது இருப்பது 2013 மாடல் டீசல் செடான், ஹைட்ராலிக். இரண்டிலும் ஸ்டீயரிங் கோளாறைப் பார்த்துவிட்டேன், இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். பத்து வயதைத் தொட்ட வண்டியாக இருந்தால் என் ஓட்டு ஹைட்ராலிக்குத்தான். புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற சில பெரிய வண்டிகளில்தான் ஹைட்ராலிக் நீடித்தது. மற்றவை எல்லாம் எப்போதோ எலக்ட்ரிக்குக்கு மாறிவிட்டன. எனவே இது மூன்று, நான்கு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வண்டி தேடுகிறவர்களுக்கு.

ஹைட்ராலிக்கில் இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி, முன்சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல்தண்டான ரேக்குக்கு அனுப்பும். சக்கரத்தைத் திருப்பும் வேலையில் பாதிக்கு மேல் அந்த அழுத்தம் செய்துவிடும். எலக்ட்ரிக்கில் எண்ணெயே கிடையாது. நம் கை எவ்வளவு முறுக்குகிறது என்பதை ஒரு சென்சார் அளந்து சிறிய கணினி ஒன்றுக்குச் சொல்ல, அது மோட்டாரை ஓட்டுகிறது. சின்னக் கார்களில் இந்த மோட்டார் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் தொடங்கிய ஏற்பாடு இது. குட்டிக் காரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு: சின்ன இன்ஜினுக்கு எந்நேரமும் ஒரு பம்பைச் சுற்றிக்கொண்டிருப்பது பெரிய சுமை.

மைலேஜில் எலக்ட்ரிக் ஜெயிக்கும். பார்க்கிங்கிலும் அதுவே ஜெயிக்கும். கோவை ராஜ வீதியில் சனிக்கிழமை மாலை வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் சாலையின் தன்மை கைக்குத் தெரிவதில் ஹைட்ராலிக் ஜெயிக்கும். இவை எல்லாரும் சொல்வதுதான், எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. பழுது வரும்போது எப்படி வருகிறது, அதை யார் சரிசெய்ய முடியும் என்ற ஒரே விஷயம்தான் தீர்மானித்தது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சி முனையில் நிறுத்தினோம். மாமனார் அணையைப் பார்த்தார், பிள்ளைகள் வரையாடு தேடினார்கள். மறுபடி கிளம்பிப் பதினோராவது வளைவில் நுழையும்போது ஸ்டீயரிங் வடிவத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதே நொடியில் வளையம் கல்லாகிவிட்டது. ஏதோ பூட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பூட்டவில்லை, சக்கரத்துக்கும் கைக்கும் நடுவே இரும்புத் தண்டு இருக்கிறது, உதவி நின்றாலும் வண்டி திரும்பும். ஆனால் எப்படித் திரும்பும் என்பதுதான் கதை. அம்பாசடர் காலத்தில் பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே ஓட்டினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வண்டிக்கு அதற்கேற்ற பல் விகிதம் இருந்தது, வளையமும் பெரியது. மோட்டார் உதவும் என்று நம்பிச் செய்த ஸ்டீயரிங்கில் மோட்டார் கைவிட்டால், அது சாதாரண ஸ்டீயரிங்கைவிடக் கனம். அந்த வளைவைத் திருப்ப வளையத்தைக் கட்டிப்பிடித்து, தோளை முன்னால் தள்ளி, ஏறக்குறைய இருக்கையிலிருந்தே எழுந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, ஏன் இத்தனை அகலமாகப் போகிறீர்கள்?" என்றார் மாமனார். எதிரே பஸ் வராதது அவருடைய குலதெய்வத்தின் புண்ணியம்.

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் போட்டேன். விளக்கு அணைந்தது, வளையம் வெண்ணெய்போல் சுற்றியது. பதினான்காவது வளைவில் மறுபடியும் எரிந்தது. வால்பாறைத் திட்டத்தைக் கைவிட்டு, உதவி வருவதும் போவதுமாக இறங்கினோம். வருவதும் போவதும்தான் பயங்கரம். ஒரேயடியாகக் கனமாக இருந்தால் கை பழகிக்கொள்ளும்.

கோவையில் சர்வீஸ் மையத்துக்கு நான்கு முறை போனேன். முதல் முறை ஸ்கேனரில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாம் முறை பேட்டரியைச் சோதித்தார்கள். அது சரியான நடவடிக்கைதான், குறை சொல்ல மாட்டேன். மின்னழுத்தம் இறங்கினாலே இந்த விளக்கு எரியும், பலருக்கு பேட்டரி மாற்றியதோடு தீர்ந்திருக்கிறது. மூன்றாம் முறை, முறுக்கு சென்சாரில் கோளாறு என்று ஸ்கேனர் சொன்னது. நான்காம் முறை விலை சொன்னார்கள்: 38,000 ரூபாய். சென்சார் தனியாக விற்பதில்லை, தண்டு, மோட்டார் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். வண்டியின் அன்றைய சந்தை விலையே இரண்டேகால் லட்சம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்பு அதே ஸ்டீயரிங்கில் "கடக், கடக்" என்று ஒரு சத்தம் வந்தது. சிறு மேடு பள்ளங்களில், வளையத்தைச் சற்று ஆட்டினால். அதற்கும் முழுத் தொகுதியையும் மாற்றத்தான் சொன்னார்கள். பட்டறை மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பார்த்தார். மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே நட்சத்திர வடிவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு. அவர் உள்ளங்கையில் அது பழைய வெல்லம்போல் உதிர்ந்தது. ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். ஆக, எலக்ட்ரிக் என்றால் எல்லாமே செலவு என்று சொல்ல வரவில்லை. அதன் இரும்பும் ரப்பரும் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்கிறது, எந்தப் பட்டறையிலும் தீர்கிறது. சென்சாரும் கணினியும் போனால் சொல்வதில்லை. நேற்று வரை நூறு சதவீதம், இன்று பூஜ்யம். தீர்ப்பதற்கும் அந்தந்த வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும், மாற்றிய பிறகு நடுநிலையைக் கணினிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் வண்டிக்கு மட்டும்தான் இப்படியோ என்று தேடிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது எலக்ட்ரிக் உதவி திடீரென நின்றுபோகலாம் என்ற அதே காரணத்துக்காக 2014 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபோர்டு வட அமெரிக்காவில் ஏறத்தாழ 4,23,000 வண்டிகளை அழைத்தது. கம்பெனி அழைத்து இலவசமாகச் சரிசெய்யும்வரை பிரச்சினையில்லை. அழைப்பு இல்லாத வண்டியின் மூன்றாவது சொந்தக்காரருக்குத்தான் 38,000.

கடைசியில் ரீகண்டிஷன் செய்த தொகுதி ஒன்றை 14,000 ரூபாய்க்குப் போட்டேன். ஆறு மாத உத்தரவாதம். நன்றாகவே ஓடியது. ஆனால் மலை ஏறும்போதெல்லாம் கண் சாலையைவிட மீட்டரில்தான் அதிகம் இருந்தது. நடந்ததைச் சொல்லியே விற்றேன். சொன்னதற்காக இருபதாயிரம் குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தேன்.

அடுத்து வாங்கியதுதான் செடான். வாங்கிய மூன்றாம் மாதமே அதன் ஸ்டீயரிங்கும் கெட்டது. ஆனால் இது கெட்ட விதமே வேறு. முதலில் காலை நேரத்தில், வளையத்தை முழுக்க ஒடித்தால் கொசு ரீங்காரம்போல் ஒரு முனகல். இரண்டு வாரம் கழித்து எங்கள் அடுக்ககப் பார்க்கிங் தரையில் சிவப்பாக ஒரு கறை. எங்கள் சங்கச் செயலாளர் அதை வெற்றிலை எச்சில் என்று முடிவுகட்டி வாட்ச்மேனைத் திட்டிவிட்டார். மறுநாளும் அதே இடத்தில் இருந்ததால் நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு. வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டது நான்தான், செயலாளர் கேட்கவில்லை.

பானட்டைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியில் கீழ்க்கோட்டுக்கு அருகே இருந்தது. வாரத்துக்கு நூறு மில்லி ஊற்றிக்கொண்டு நாற்பது நாள் ஓட்டினேன். ஊற்றும் எண்ணெய் எந்த வகை என்பதைக் குப்பி மூடியிலோ கையேட்டிலோ பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு எண்ணெய், சிலவற்றுக்கு வேறு. கலந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் கெடும். இந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட வளையம் கனக்கவில்லை. எனக்கு வசதியான ஒரு சனிக்கிழமை, எனக்குப் பிடித்த மெக்கானிக்கிடம், நானே நேரம் குறித்துக் கொண்டுபோனேன்.

கணபதி பக்கம் இரண்டு ஷட்டர் அகலப் பட்டறை. ரேக்கின் ஓரத்தில் துருத்திபோன்ற ரப்பர் உறை ஒன்று இருக்கும். மெக்கானிக் அதன் கிளிப்பைத் தளர்த்தியதும் தேங்கியிருந்த எண்ணெய் கால் டம்ளர் அளவுக்குக் கொட்டியது. "சார், சீல் போய்விட்டது, ஷாஃப்டில் கோடு விழவில்லை, தப்பித்தீர்கள்" என்று விரல் நகத்தால் தண்டைத் தடவிக் காட்டினார். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிப் போனது. சீல் கிட், இறக்கி ஏற்றும் கூலி, எண்ணெய், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். அதற்குப் பிறகு 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தரையில் சொட்டு இல்லை.

விலை வித்தியாசத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த நகம்தான். கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குப் படுகிறது. சொல்வது சரியா என்று நானே சோதிக்க முடிகிறது. ஸ்கேனர் திரையில் வரும் எழுத்தை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்; அதற்கு மேல் நமக்கு வேலை இல்லை.

ஹைட்ராலிக் திடீரென்று காலை வாராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். நண்பர் ஒருவருக்கு வாளையாறு தாண்டியதும் பெல்ட் அறுந்து, ஸ்டீயரிங் உதவியும் பேட்டரி சார்ஜும் ஒன்றாக நின்றன. அழுத்தக் குழாய் வெடித்தாலும் அதே கதிதான். இரண்டுமே முன்கூட்டிப் பார்த்து மாற்றக்கூடியவை என்பது ஆறுதல். பெல்ட்டில் விரிசலும் குழாய் இணைப்பில் ஈரமும் டார்ச் அடித்தால் தெரியும். பராமரிப்பு கேட்கும் சாதனம் இது. பானட்டையே திறக்காத ஆளுக்கு எலக்ட்ரிக்தான் பொருத்தம். வளையத்தை முழுக்க ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் உள்ளவர்களும் ஹைட்ராலிக் பக்கம் வர வேண்டாம், பம்ப் தாங்காது.

வண்டி ஒரு பக்கம் இழுப்பது, எண்பதுக்கு மேல் வளையம் நடுங்குவது ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காற்று, பேலன்ஸிங், அலைன்மென்ட், டை ராடு (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று காரணங்கள் இரண்டு வகைக்கும் பொது. முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்த்தால், இழுப்பு டயரால் வந்ததா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது ஸ்டீயரிங் டை ராடுக்காகத்தான். மோட்டாருக்கோ பம்புக்கோ அதில் சம்பந்தமில்லை. அத்தகைய வண்டியைப் பழையதாக வாங்கினால், அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

என் அனுபவம் இரண்டே வண்டி. மோட்டார் தண்டில் இல்லாமல் கீழே ரேக்கிலேயே இருக்கும் வகையை நான் வைத்திருந்ததில்லை. எலக்ட்ரிக் மோட்டாரே எண்ணெய் பம்பைச் சுற்றும் கலப்பு வகை டஸ்டரில் வந்தது. ஒருமுறை ஓட்டியதோடு சரி. என் தங்கையின் 2019 கார் எலக்ட்ரிக். 80,000 கிலோமீட்டரில் அந்த விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை, என் புலம்பலைக் கேட்டுச் சிரிக்கிறாள். ஆறு வயது வண்டிக்கு அவள் சிரிப்பு நியாயம்தான். பன்னிரண்டு வயதில் அந்தச் சென்சார் எப்படி இருக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

ஹைட்ராலிக் வண்டியைப் பார்க்கப் போனால் குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். முனகல் அப்போதுதான் கேட்கும். ரேக்கின் இரண்டு ரப்பர் உறைகளையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் விலையில் எட்டாயிரம் குறையுங்கள். குப்பியில் எண்ணெய் கறுத்திருந்தாலோ நுரைத்திருந்தாலோ அதையும் பேச்சில் சேருங்கள். எலக்ட்ரிக் வண்டியென்றால், சாவியைத் திருப்பி இன்ஜினைப் போடாமல் மீட்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணையும். அதே மாடல் வேறொரு காரில் எரிகிற விளக்கு நீங்கள் பார்க்கும் காரில் எரியவே இல்லையென்றால், யாரோ அதை எரியாமல் செய்திருக்கிறார்கள். விலை பேசாமல் வந்துவிடுங்கள்.